சுடாத கால்

கல்வராயன் மலை
4-2-1979

என் அன்பு ராஜாம்பாளுக்கு,

உன் சின்னதுரை எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீயும் பாப்பாத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்த இன்லேண்டைப் பிரித்தேன். இங்கே குளிர் இன்னும் இறங்கவில்லை. பத்து மணி ஆனாலும் பிள்ளைகள் போர்வையோடுதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். போர்வையை எடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நானே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சமையல்காரி சாலம்மாள் வாசல்படியில் வந்து நின்று, "சார், இன்னா இது, தரையெல்லாம் ரத்தம்! எந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சி?" என்று கத்தினாள். முப்பத்தோரு பிள்ளைகளையும் எழுப்பிக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒரு கால் பாக்கியில்லை. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால் ரத்தம் என்னுடையது! வலது குதிங்காலில் ஒரு முள், விரல் நீளத்துக்கு, ஏறி உள்ளேயே ஒடிந்து நிற்கிறது. காலையில் ஓடையில் குளித்துவிட்டு வரும்போது ஏறியிருக்க வேண்டும். வாத்தியாருக்கு வலிக்கவே வலிக்காது என்று பிள்ளைகளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

கொஞ்ச நாளாகவே அந்தக் குதிங்கால் மரத்தாற்போலத்தான் இருக்கிறது. தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல் இருக்கும். மலைக் குளிர்தான், வேறொன்றும் இல்லை. நீ உடனே கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காராதே.

பாப்பாத்தி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? அவளுக்கு என் முத்தங்கள்.

உன்,
சின்னதுரை


வடக்கனந்தல்
12-2-1979

அன்பான மாமாவுக்கு,

ராஜாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று வேளைச் சோற்றுக்கும் பாப்பாத்தியின் பிடிவாதத்துக்கும் குறைவில்லை. உங்கள் வேடிக்கையைப் படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முள் ஏறினால் மாடுகூடக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விரல் நீள முள்ளோடு கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

நான் கண்ணைக் கசக்கவில்லை. விசாரித்தேன். எதிர்வீட்டு ஜெயம்மாள், "வாயு எறங்கிக்கினு கீதுடி, பூண்டு வேக வச்சி அனுப்பு" என்கிறாள். பால்காரர், நாள் பூராவும் கல்தரையில் நின்றால் அப்படித்தான் ஆகும் என்கிறார். சம்மணம் போட்டு உட்கார்ந்தே எழுதுவதால் நரம்பு அழுந்தியிருக்கும் என்று தபால்காரர் சொல்கிறார். இந்த ஊரில் எல்லாரும் வைத்தியர்கள்தான், மாமா. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாம் குளிரிலும் காற்றிலும் போய் நின்றுவிடுகிறது.

ஆனால் ஒன்று என் மனசை விட்டுப் போகவில்லை. பொங்கலுக்கு வந்தபோது உங்களுக்கு முதுகு தேய்த்துவிட்டேன் அல்லவா? இடது தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலம் வெளுத்திருந்தது. "தேமல்டி, மலைத் தண்ணி ஒத்துக்கல" என்றீர்கள். நகத்தால் நன்றாகச் சுரண்டினேன். நீங்கள் சவுக்காரம் தீர்ந்துவிட்டது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த சனிக்கிழமை இறங்கி வாருங்கள். கள்ளக்குறிச்சிக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவோம். பூண்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது ஜெயம்மாளின் மனத்திருப்திக்கு.

தங்கள்,
ராஜாம்பாள்


கல்வராயன் மலை
3-3-1979

அன்பு ராஜாம்பாளுக்கு,

உன் கடிதமும் பூண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பூண்டைச் சாலம்மாள் குழம்பில் போட்டாள், ருசியாக இருந்தது. சனிக்கிழமை வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை.

டாக்டர் பேச்சை இப்போதைக்கு விடு. என் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகஸ்டில் உத்தரவு வர வேண்டும். இந்த நேரத்தில் ஏதாவது ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பேரை எழுதி, அது ஆபீஸ் வரை போனால் என்ன ஆகும்? பதினோரு வருஷம் அலைந்து கிடைத்த வேலை இது. தேமல் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது.

உனக்குத் திருப்தியாக ஒன்று செய்திருக்கிறேன். வைகாசியில் நம் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டித் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். பாதத்தில் வந்ததைப் பாதத்தாலேயே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நாற்பத்தெட்டு நாள் கறி கிடையாது, பாய் கிடையாது, தரையில்தான் படுக்கை. சாலம்மாள், "சார் எளைச்சிப்பூடுவாரு" என்று இப்போதே அழுகிறாள்.

அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நீ சொல்கிற டாக்டரிடம் வருகிறேன். இது என் வாக்கு.

உன்,
சின்னதுரை


வடக்கனந்தல்
17-6-1979

அன்பான மாமாவுக்கு,

நீங்கள் விடுமுறை முடிந்து மலையேறிப் பத்து நாள் ஆகிறது. வீட்டில் ஒரு மாதம் பக்கத்திலேயே இருந்தீர்கள், வாயைத் திறந்து சொல்ல முடியாததைக் கடிதத்தில் எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

தீமிதி அன்று நான் பெண்கள் நின்ற பக்கத்தில், பாப்பாத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி முன்வரிசையில் நின்றிருந்தேன். உங்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் ஓடினார்கள். நீங்கள் நடந்தீர்கள். குண்டத்தின் நட்டநடுவில், வேட்டி நெகிழ்ந்ததோ என்னவோ, நின்று, இடது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடி முடிச்சை இறுக்கிக் கட்டினீர்கள். சாமி வந்து ஆடுகிறார் என்று கூட்டம் குலவை போட்டது. பூசாரி கொளஞ்சியப்பன் கண்ணில் தண்ணீர். "அம்மா இவருக்கு நெருப்ப பூவா மாத்திக் குடுத்துட்டா! அடுத்த வருசம் கரகம் இவுரு தலையிலதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காதது. நம் தெருவில் ஒருவருக்கும் கிடைக்காதது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட நீங்கள் அப்படி இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் உங்கள் காலைக் கழுவினேன். வலது குதிங்கால் தோல் என் கையோடு வந்துவிட்டது, மாமா. கரி உள்ளே இறங்கியிருந்தது. நீங்கள் காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு நாள் கழித்து மதியம் சாப்பிட்டுவிட்டு நீங்கள் தூங்கியபோது, என் தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துப் புண்ணுக்குப் பக்கத்தில் நல்ல தோலில் குத்தினேன். முதலில் லேசாக. பிறகு ஊக்கு பாதி மறையும் வரை. நீங்கள் அசையவில்லை. முதுகில் அந்த வெளுத்த இடத்திலும் குத்தினேன். அங்கேயும் இல்லை. ஊக்கைத் துடைத்துத் திரும்பத் தாலியில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்க மாட்டேன்.

போன வாரம் கள்ளக்குறிச்சிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். பேர் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். குதிங்கால் மரத்துப் போவதற்கு என்ன காரணம் என்று கேட்டேன். "சர்க்கரை வியாதி இருக்குதா?" என்றார். கொல்லையில் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று ஒரு மாதம் பார்த்தாகிவிட்டது, மொய்க்கவில்லை என்றேன். எறும்பை நம்பாதே, ஆளைக் கூட்டி வந்து பரிசோதனை செய் என்று சிரித்தார். குடிப்பாரா என்றார். காபி குடிப்பார் என்றேன். முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் அப்படி ஆகுமாம், மூட்டை தூக்குகிறவரா என்று கேட்டார். சாக்பீஸ்தான் தூக்குவார் என்றேன். கணுக்காலில் அடி? இல்லை. கறி, முட்டை, பால் எதுவுமே சேர்க்காதவர்களுக்கு ரத்தத்தில் சத்துக் குறைந்து மரத்துப் போவதுண்டாம். வேண்டுதலுக்கு முன்னாலேயே மரத்துவிட்டதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவரை ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. பிறகு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உடம்புல எங்கியாவது வெளுத்த தேமல் இருக்குதா? தொட்டா தெரியாத தேமல்?" என்றார். என் கை தாலிக் கயிற்று ஊக்கைத் தேடிப் போனது. அவர் வியாதியின் பேரைச் சொன்னார்.

தொழுநோய். எழுதிவிட்டேன். எழுதினால் ஒன்றும் ஆகிவிடவில்லை, பாருங்கள். மாத்திரை இருக்கிறதாம், இலவசம், சில வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். இப்போதே ஆரம்பித்தால் காலும் கையும் தப்பும். தள்ளிப்போட்டால், கூட இருக்கிறவர்களுக்கும் வரலாம் என்றார்.

வாக்குக் கொடுத்தீர்கள். வாருங்கள்.

தங்கள்,
ராஜாம்பாள்


கல்வராயன் மலை
8-7-1979

ராஜாம்பாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன். தூங்குகிற புருஷனை ஊக்கால் குத்திப் பார்ப்பதுதான் பெண்டாட்டி செய்கிற வேலையா? ஊரே கும்பிட்ட காலை நீ வியாதி என்று எழுதுகிறாய். அம்மன் எனக்குக் கொடுத்ததற்குப் பேர் வைக்க நீ யார்?

புண் ஆறிக்கொண்டு வருகிறது. சாலம்மாள் பச்சிலை அரைத்துக் கட்டுகிறாள். நன்றாக நடக்கிறேன்.

நீ யாரையாவது அனுப்பினாயா என்று உண்மையைச் சொல். புதன்கிழமை செபாஸ்தியான் என்று ஒருவர், தொழுநோய்த் தடுப்பு வேலைக்காரராம், கோழி இறகும் நோட்டுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவராகப் பார்த்தார். இரண்டு பேருக்கு இருக்கிறதென்று எழுதிக்கொண்டார். போகும்போது சிரித்துக்கொண்டே, "சார், நீங்களும் சட்டைய ஒருவாட்டி தூக்குனீங்கன்னா பார்த்துட்டுப் போயிடறேன்" என்றார். எனக்குப் பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் என் காலையே பார்த்தார்.

அவருடைய நோட்டில் பேர் ஏறினால் எனக்கு வேலை போகும். கொளஞ்சியப்பன் கரகத்தை என் தலையில் வைப்பாரா? வீட்டுச் சொந்தக்காரர் நம்மைக் குடி வைத்திருப்பாரா? பாப்பாத்தியை நாளைக்கு எந்த வீட்டில் கட்டிக்கொள்வார்கள்? இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாயா?

இதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

சின்னதுரை


வடக்கனந்தல்
30-10-1979

அன்பான மாமாவுக்கு,

உங்கள் ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முன்னால் எழுதிய மூன்றுக்கும் பதில் இல்லை. மாதாமாதம் மணியார்டர் மட்டும் வருகிறது, அதில் இரண்டு வரி எழுத இடம் இருக்கிறது, அதுவும் காலியாகவே வருகிறது. வேலை பர்மனென்ட் ஆனதையே மளிகைக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம்.

தீபாவளிக்கு வருவீர்கள் என்று பாப்பாத்தி கச்சிராயபாளையம் பஸ் ஒவ்வொன்றுக்கும் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தாள். மூன்றாவது பஸ்ஸுக்குப் பிறகு மத்தாப்புப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அப்பா வந்ததும் கொளுத்தலாம் என்று சொல்லிவிட்டாள். நான் சண்டை போட மாட்டேன். வியாதி என்ற வார்த்தையையே எடுக்க மாட்டேன். வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

தங்கள்,
ராஜாம்பாள்


கல்வராயன் மலை
18-11-1979

என் ராஜாம்பாளுக்கு,

உன் நான்கு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றையும் எரிக்கவில்லை. ஜூனில் எழுதியதையும் எரிக்கவில்லை. கோபத்தில் அப்படி எழுதினேன்.

புண் ஆறவில்லை. ஆறிக்கொண்டு வருகிறது என்று எழுதியது பொய். குழி விழுந்திருக்கிறது. எனக்கு வலியில்லை, அதனால் மறந்து நடந்துவிடுகிறேன். மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் நாற்றம் வருகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் உட்காரும் பலகையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சாலம்மாள் முன்பெல்லாம் தட்டை என் கையில் கொடுப்பாள், இப்போது ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போகிறாள். வலது கையில் சுண்டுவிரல் மடங்கிக்கொண்டு நிமிர மாட்டேன் என்கிறது. என் எழுத்து மாறியிருப்பதை நீ கவனித்திருப்பாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். குண்டத்தின் நடுவில் நான் நின்றது வேட்டி கட்ட இல்லை. இடது கால் சுட்டது, ராஜாம்பாள். உயிர் போகிற மாதிரி சுட்டது. அதனால்தான் தூக்கினேன். வலது காலில் முழுப் பாரத்தையும் போட்டு நெருப்பிலேயே நின்றேன், அதில் ஒன்றுமே இல்லை. அம்மன் ஒரு காலுக்கு மட்டுமா அருள் கொடுப்பாள்? அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுற்றிக் குலவை, கொளஞ்சியப்பன் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். நான் என்ன செய்ய? வேட்டியை இறுக்குகிறாற்போலக் கையைக் கொண்டுபோனேன்.

வைகாசிக்கு வருகிறேன். கரகம் தூக்கி ஒருமுறை நடக்கிறேன். இரண்டு காலும் சுட்டால் அவள் என்னை மன்னித்தாள் என்று அர்த்தம். சுடாவிட்டால் மறுநாளே நீ சொல்கிற இடத்துக்கு வருகிறேன். அதுவரைக்கும் நான் உங்கள் இருவர் பக்கத்திலும் வரமாட்டேன். அதுவரைக்கும் நீயும் யாரிடமும் என் பேரைச் சொல்லக் கூடாது. பாப்பாத்தி மேல் சத்தியம்.

உன்,
சின்னதுரை


வடக்கனந்தல்
25-1-1980, வெள்ளிக்கிழமை

என் அன்பான மாமாவுக்கு,

நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நேற்று பாப்பாத்தியின் பள்ளிக்கூடத்துக்கு அந்த செபாஸ்தியான் வந்தார். பொங்கலுக்குத் தலை வாரிவிடும்போது அவள் இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே லேசாக வெளுத்திருந்ததை நானே பார்த்தேன். பூச்சிக்கடி என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உங்களை அத்தனை ஆழமாக ஊக்கால் குத்தியவள், அவள் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்க்கப் பயந்துகொண்டு பத்து நாள் எண்ணெய் தடவினேன்.

டீச்சர் ஆளனுப்பினார். போனேன். செபாஸ்தியான் அவளைக் கண்ணை மூடச் சொல்லி இறகால் தொட்டார். "எங்க தொட்டன்னு வெரல வச்சிக் காட்டு கண்ணு." நெற்றியைத் தொட்டார், காட்டினாள். வலது கன்னம், காட்டினாள். இடது கன்னத்தைத் தொட்டார். அவள் விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். திரும்பத் தொட்டார். "சீக்கிரம் தொடுங்க சார்" என்றாள்.

ஆரம்பம்தான், ஒரே இடம்தான், முழுசாகப் போய்விடும் என்று சத்தியமாகச் சொன்னார். வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார். முதல் சில நாள் அவளைப் பக்கத்திலிருந்து கவனிக்கச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நானே கிளம்பி வராமல் எழுதுகிறேன்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டைத் திறந்தார். "வூட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதாம்மா? கொழந்தைக்கு எங்கியோ இருந்துதான் வந்திருக்கும். மறைச்சா அவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மாமா. உங்கள் சத்தியம் ஞாபகத்தில் இருந்தது. யார்மேல் சத்தியம் கேட்டீர்களோ அவள் வெளியே வேப்பமரத்தடியில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். உங்கள் பேரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தின் பேரையும் சொன்னேன். முதுகில் இருப்பதையும், காலில் இருப்பதையும், விரல் மடங்கியதையும், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுதி முடித்துவிட்டு, "அந்த வாத்தியாரா? நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றார். குரலில் ஏளனம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரோடு ஜீப்பில் மேலே வருகிறார்கள். இந்தக் கடிதம் நாளைக்கே உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு இப்போதே பெட்டியில் போடுகிறேன். அவர்கள் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது, என் வாயால்தான் கேட்க வேண்டும். அவர்கள் உங்களைப் பிடித்துக்கொண்டு போக வரவில்லை. புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள். வேலையை அதற்காக எடுத்துவிட மாட்டார்கள், டாக்டரே ஆபீசுக்கு எழுதுவாராம். கரகம் வேறு யார் தலையிலாவது ஏறட்டும்.

என்மேல் எத்தனை கோபம் வேண்டுமானாலும் படுங்கள். வந்து திட்டுங்கள், அடியுங்கள், பேசாமல் இருங்கள். ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் எங்கேயும் போய்விடாதீர்கள். சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள். நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு உங்கள் இருவரையும் வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

உங்கள்,
ராஜாம்பாள்


கிளை அஞ்சலகம்
கல்வராயன் மலை
30-1-1980

ராஜாம்பாள் அம்மாள் அவர்களுக்கு,

இவ்வூர் போஸ்ட்மாஸ்டர் அம்மாசி எழுதிக்கொள்வது. சனிக்கிழமை குடியரசு தினம், மறுநாள் ஞாயிறு. தபால் இரண்டு நாளும் இல்லாததால் தங்கள் கடிதம் நேற்று செவ்வாய்க்கிழமைதான் மலை ஏறிற்று. அதைப் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாத்தியார் சனிக்கிழமை கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார். திங்கட்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கீழே வளைவில் ஆஸ்பத்திரி ஜீப் தெரிந்தது. பிள்ளைகளைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக வெளியே போனாராம். ஜீப்பில் வந்தவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். செபாஸ்தியான் என்பவர் இன்னும் கீழே இறங்கவில்லை, எங்கள் ஆட்களோடு சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று மேல் காட்டில் சாமை அறுக்கிறவர்கள் ஒருவர் போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்குமேல் சேலம் பக்கம்தான் இறங்க முடியும். இரண்டு நாள் நடை.

பெட்டி, போர்வை, கைக்கடிகாரம் எல்லாம் அறையில் இருக்கின்றன. செருப்பும் வகுப்பறை வாசலிலேயே கிடக்கிறது. அந்தப் பாதை முழுவதும் உடைகல். காலில் கல் கிழித்தாலும் அவருக்குத் தெரியாது என்று செபாஸ்தியான் சொன்னார்.

பிள்ளைகள் வாத்தியார் சொன்னபடி அன்று மத்தியானம் வரை வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிக்கு,
அம்மாசி